செல்லில் நேரடியாகச் சால்டர் வேண்டாம்

பழைய லேப்டாப் பேட்டரியில் கிடைக்கும் 18650 செல்களை (உருளை வடிவ லித்தியம் அயான் செல்கள்) வைத்துப் பவர் பேங்க் செய்வதைப் படங்களோடு விளக்கியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் செல்லின் முனையிலேயே வயரைச் சால்டர் செய்யச் சொல்வதை ஏற்க முடியவில்லை. அந்தச் சூடு உள்ளேயிருக்கும் பிரிப்பானை, அதாவது இரு மின்முனைகளும் ஒன்றையொன்று தொடாமல் தடுக்கும் மெல்லிய படலத்தை, கெடுக்கும். பிளாஸ்டிக் செல் ஹோல்டர் வாங்கிப் போடலாமே, விலை அதிகமில்லை.

அப்புறம், செல்களை எடுத்ததும் மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்தவற்றை உயிர்ப்பிக்க முயலாமல் மின்கழிவில் சேர்த்துவிடுங்கள். பக்க இணைப்பில் (பேரலல்) போடும் முன் எல்லாச் செல்களின் வோல்டேஜும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கூடுதலாக இருக்கும் செல்லிலிருந்து குறைந்ததற்குக் கரண்ட் பாயும்.

செல்லுக்குச் சார்ஜ் ஏற்றும் டிபி4056 (TP4056) போர்டு பற்றி இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். அது சந்தையில் இரண்டு வகையாக வருகிறது. செல் அளவுக்கு மீறி இறங்கினால் துண்டித்துவிடும் பாதுகாப்புச் சுற்று உள்ளதையே வாங்க வேண்டும். அதில் லோடை, அதாவது மின்சாரம் எடுக்கும் பகுதியை, 'அவுட்' முனைகளில்தான் இணைக்க வேண்டும். செல்லுக்கான 'பி' முனைகளில் இணைத்தால் பாதுகாப்பு இருந்தும் பயனில்லை. சார்ஜ் கரண்ட்டை முடிவு செய்வது போர்டில் உள்ள ஒரு ரெசிஸ்டர்; பொதுவாக இருக்கும் 1.2 கிலோ ஓமில் 1 ஆம்பியரில் சார்ஜ் ஏறும். வயதான ஒற்றைச் செல்லுக்கு அது அதிகம். அதைக் கழற்றி 2.4 கிலோ ஓம் போட்டால் அரை ஆம்பியராகும், சிப்பும் அவ்வளவாகக் கொதிக்காது. ரெசிஸ்டர் மிகச் சிறியது, நுனி மெல்லிய சால்டரிங் அயர்ன் தேவைப்படும்.

செல்லின் வோல்டேஜை உயர்த்தித் தரும் 5 வோல்ட் பூஸ்ட் போர்டைப் பற்றியும் தனியாக எழுதுங்கள்.