282 இடம் என்றால் பாதி நாடு வாக்களித்ததா?

"2014-ல் 543 தொகுதிகளில் பாஜக 282-ல் வென்றது. அதாவது இந்தியர்களில் பாதிக்கு மேல் அந்தக் கட்சிக்குத்தான் வாக்களித்தார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இடக் கணக்கு சரி, வாக்குக் கணக்கு தவறு.

அந்தத் தேர்தலில் பாஜக பெற்றது பதிவான வாக்குகளில் சுமார் 31%. இதில் மோசடி எதுவும் இல்லை. ஒரு தொகுதியில் மற்ற எவரையும்விட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றால் போதும், அவரே எம்பி. பாதி வாக்கு வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. எதிர்வாக்குகள் நாலைந்து பேருக்குப் பிரிந்தால் 35% வாங்கியவர்கூட ஜெயிக்கலாம்.

அதே தேர்தலில் பகுஜன் சமாஜ் நாடு முழுக்க 2 கோடிக்கு மேல் வாக்கு வாங்கியும் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைவாக வாங்கிய அதிமுகவுக்கு 37 இடங்கள்! அதிமுகவின் வாக்குகள் ஒரே மாநிலத்தில் குவிந்திருந்தன, அவ்வளவுதான். காங்கிரசும் இதே முறையில் பலன் பெற்ற கட்சிதான்: 1984-ல் 400-ஐத் தாண்டியபோதும் அதன் வாக்கு 50%-ஐத் தொடவில்லை.

தேர்தல் ஆணைய இணையதளத்தில் ஒவ்வொரு தேர்தலின் புள்ளிவிவர அறிக்கையும் இருக்கிறது. கட்சிவாரியாக வாக்கு சதவீதத்தை அங்கேயே பார்க்கலாம். இந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தை அனுப்புங்கள்.