அலை உடையாத இடம் பாதுகாப்பான இடம் அல்ல

"பழைய துறைமுக நகரங்களுக்குக் குடும்பத்தோடு போனால், கோட்டைச் சுவரையோ அலைதடுப்புச் சுவரையோ ஒட்டி அலை உடையாமல் அமைதியாக இருக்கும் இடத்தில் பிள்ளைகளை இறக்கிவிடுங்கள், அதுதான் பாதுகாப்பு" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி யாரும் செய்துவிடாதீர்கள்.

கரைக்கு வந்த தண்ணீர் ஏதோ ஒரு வழியாகத் திரும்பிப் போயாக வேண்டும். பெரும்பாலும் அது ஆழமான பள்ளம் வழியாகப் போகும். ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடைவதில்லை. நமக்கு அமைதி மாதிரி தெரிவது, கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டம்! கடலுக்குள் நீளும் சுவர்களை ஒட்டி இது அடிக்கடி உருவாகும். வேகம் சில நேரம் விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். நல்ல நீச்சல்காரராலும் எதிர்த்து நீந்த முடியாது.

இறங்குமுன் சுவர் ஓரத்தைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். நுரையும் கலங்கிய மணல் தண்ணீரும் கடல் பக்கமாக நகர்ந்தால் அங்கே வேண்டாம். உயிர்காப்பாளர் இருக்கும் பகுதியே நல்லது. பல நாடுகளில் சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவே குளிக்கச் சொல்வார்கள்.

அப்புறம், சிக்கிக்கொண்டால் கரையை நோக்கிப் போராட வேண்டாம். அது வெளியே இழுக்குமே தவிர அடியில் அமுக்காது. மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள். முடிந்தால் சுவரை விட்டு விலகி, கரைக்கு இணையாக நீந்துங்கள்.