ஏர்கன்னை நம்பிப் பன்றி மேல் கை வைக்காதீர்கள்

"லைசென்ஸே வேண்டாமாம், ஆதார் காட்டினாப் போதுமாம். பன்னிக்கு ஆகும்ல அண்ணா?"

மக்காச்சோளம் கதிர் பிடிக்கத் தொடங்கிவிட்டால் இந்தக் கேள்வியோடு யாராவது ஒருவர் கூப்பிட்டுவிடுகிறார்கள். ரைஃபிள் கிளப்புக்குப் போகிற ஆள் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்கிறேன். ஆகாது.

ஏர்கன்னை, அதாவது காற்றழுத்தத்தில் குண்டைத் தள்ளுகிற துப்பாக்கியை, இளக்காரமாக நினைத்து இதைச் சொல்லவில்லை. ஆஸ்திரியப் படை 1780 வாக்கிலேயே ஜிரார்டோனி என்ற ஏர் ரைஃபிளைப் போருக்குக் கொண்டுபோயிருக்கிறது. புகை கிடையாது, 20 குண்டுகளை மளமளவென்று சுடலாம். காற்றுக் கலனை நிரப்பத்தான் 1,500 தடவை பம்பு அடிக்க வேண்டும்! இன்றைக்கு அமெரிக்காவில் விற்கிற யூமாரெக்ஸ் ஹேமர் என்ற .50 (அரை அங்குலக் குழல்) ஏர் ரைஃபிள் கிட்டத்தட்ட 950 ஜூல் சக்தியோடு குண்டைத் தள்ளுகிறது. ஒரு தடவை காற்றடைத்தால் முழு வேகத்தில் மூன்று குண்டு. மான், பன்றி வேட்டைக்கு இந்த ரகத்தை அங்கே பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. அந்த ஊரில், அந்தச் சட்டத்தில், அது துப்பாக்கிக்கு நல்ல மாற்று என்று நானும் ஒத்துக்கொள்வேன்.

நம் ஆட்கள் யூடியூபில் பார்ப்பது அதை. கடையில் வாங்கி வருவது வேறொன்றை.

2016 ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 4.5 மி.மீ.க்கு மேல் போகாமல், சக்தி 20 ஜூலைத் தாண்டாமல் இருந்தால்தான் லைசென்ஸ் தேவையில்லை. 20 ஜூல் என்றால் எவ்வளவு? சாதாரண .22 ரைஃபிள் தோட்டாவே சுமார் 140 ஜூல் தரும். 12 போர் துப்பாக்கி 3,000 ஜூலை ஒட்டி வரும். பிசிபி (முன்கூட்டியே காற்றடைத்து வைக்கிற ரகம்) என்ற பெயரும், 200 பார் காற்றழுத்தம் காட்டுகிற மீட்டரும், மேலே மாட்டிய ஸ்கோப்பும் பார்க்க மிரட்டலாகத்தான் இருக்கும். ஆனால் குழலிலிருந்து வெளியே வருவது அரை கிராம் ஈயம். ஒரு பெல்லட்டை விரலில் எடுத்துப் பாருங்கள், இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்து, உள்ளே குடைவாக இருக்கும். நகத்தால் அழுத்தினால் அந்த விளிம்பு நசுங்கிவிடும். பறக்கப் பறக்க வேகமும் குறைந்துகொண்டே போகும்.

எதிரே நிற்பதோ காட்டுப்பன்றி. வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்பட்டை மேல் தோலுக்கடியில் கேடயம் போலக் கெட்டியான தசைநார்ப் படலம் உண்டு. அதில் பெல்லட் பட்டால் பன்றி விழாது, ஓடும். புண் சீழ் பிடித்து, புதரில் கிடந்து நாட்கணக்கில் துடிக்கும். அடுத்த நாள் காலையில் அந்தப் பக்கம் புல்லறுக்கப் போகிற அம்மாவைத்தான் அது முட்டும். ஓர் உயிரைச் சுடுவதென்றால் சுட்ட இடத்திலேயே அது விழ வேண்டும். முடியாதென்றால் விசையில் விரல் வைக்கவே கூடாது.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதால் வேட்டைக்கும் அனுமதி வேண்டாம் என்று அர்த்தமில்லை. 1972 வனவிலங்குச் சட்டத்தில் காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. அனுமதியில்லாமல் எதை வைத்துச் சுட்டாலும் குற்றம் குற்றம்தான். ஸ்பிரிங்கை மாற்றி 'பவர் ஏத்தித் தரேன்' என்பவர்களிடமும் போகாதீர்கள். 20 ஜூலைத் தாண்டிய நிமிடமே உங்கள் கையில் இருப்பது லைசென்ஸ் இல்லாத ஆயுதம்.

ஏர் ரைஃபிள் நிஜமாகவே துப்பாக்கிக்கு மாற்றாக நிற்கிற இடம் பயிற்சிக் கூடம். 10 மீட்டர் போட்டியில் நடுப்புள்ளியின் விட்டம் அரை மி.மீ. போட்டி ரைஃபிளின் சக்தி 7, 8 ஜூல்தான் இருக்கும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இதில்தான். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் சுட்டதும் இதில்தான். தோட்டாச் செலவு இல்லை, லைசென்ஸுக்கு அலைய வேண்டியதில்லை, ஒரு நீள ஹாலும் குறிக்குப் பின்னால் உறுதியான தடுப்பும் இருந்தால் பள்ளிப் பிள்ளைகள்கூடக் கற்றுக்கொள்ளலாம். இந்த வாசல் அடைபட்டுவிடுமோ என்பதுதான் என் பயம். ஸ்காட்லாந்தில் 2005இல் ஏர்கன் குண்டு பட்டு இரண்டு வயதுக் குழந்தை ஒன்று செத்துப்போனது. அதற்குப் பிறகு எழுந்த கோரிக்கை சட்டமாகி, 2016 கடைசியிலிருந்து அங்கே ஏர்கன்னுக்கும் லைசென்ஸ் வேண்டும். அந்தச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இங்கே அப்படியொன்று நடந்து அதற்குப் பின் விழித்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

விவசாயியைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நிலக்கடலைக் காட்டில் ஒரு கூட்டம் இறங்கினால் விடிவதற்குள் மூன்று மாத உழைப்பு மண்ணோடு மண்ணாகக் கிளறிக் கிடக்கும். கேட்க நாதியில்லாதபோதுதான் அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கிற நாட்டு வெடி) வைக்கிறார்கள், திருட்டு மின்வேலி போடுகிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் அப்படிப் பன்றிக்குப் போட்ட வேலியில்தான் மூன்று யானைகள் செத்து விழுந்தன.

கேரளத்தில் 2022இலிருந்து, தொல்லை தரும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களிடமே இருக்கிறது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களை அவர்கள் அழைத்துக்கொள்ளலாம். நம் தமிழக அரசு 2025 ஜனவரியில் கொண்டுவந்த ஏற்பாட்டில், காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வருகிற பன்றியை மட்டும், அதுவும் வனத்துறையினர் மட்டுமே சுடலாம். இருக்கிற வனத்துறை ஆட்களை வைத்து இத்தனை கிராமத்துக்கு எப்படி ஈடுகொடுப்பது? பயிற்சி பெற்ற, லைசென்ஸ் உள்ள உள்ளூர்க்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அரசைக் கேட்கிறேன்.

ஏர்கன் வாங்க எடுத்து வைத்த பணம் அப்படியே இருக்கட்டும். பன்றி இறங்கினால் அன்றைக்கே சேதத்தைப் படமெடுத்து, வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுத்து, கையெழுத்துப் போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.