பெரியவர்களுக்கு ஓடிபி பாடம் மட்டும் போதுமா?

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம். எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவியில் நிலத்தடி நீர் பற்றிய பாடம் ஓடிக்கொண்டிருந்தது. ஐஐடி பேராசிரியர் ஒருவர் நடத்துவது, என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மழை பெய்கிறது, மண்ணுக்குள் இறங்குகிறது, கிணற்றில் நீர்மட்டம் ஏறுகிறது என்று அவர் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது, ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த அண்ணன் கையைத் தூக்கினார். “டீச்சர், கொஞ்சம் நிறுத்துங்க.”

நிறுத்தினேன். அண்ணனுக்கு 72 வயது. ஊர்க் கண்மாயின் மடையைத் திறந்து அடைக்கிற பொறுப்பு அவருடைய தாத்தா காலத்திலிருந்து அவர்கள் குடும்பத்துக்கு. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். “அவர் சொல்றது சரிதான். ஆனா எல்லாக் கிணத்துலயும் ஒண்ணுபோல ஏறாது டீச்சர். கண்மாய் நிறைஞ்சு பத்து நாள்ல கரைக்குக் கீழ இருக்கிற கிணத்துல ஊத்து விட்டுரும். கோயில் மேட்டுப் பக்கம் ஒரு மாசம் ஆகும். நடுவுல பாறை ஓடுது” என்றார். அப்புறம் எழுந்துபோய், டிவி திரையில் இருந்த படத்தின் மேலேயே விரலால் அந்தப் பாறை எப்படிப் போகிறது என்று கோடு இழுத்துக் காட்டினார்.

வீடியோவைத் திரும்ப ஓடவிட்டோம். இருபது நிமிடம் கழித்துப் பேராசிரியரும் அதையே எடுத்தார். மண்ணுக்கு மண், பாறைக்குப் பாறை தண்ணீர் நகரும் வேகம் மாறும் என்று சமன்பாட்டோடு விளக்கினார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

எட்டு மாதமாக நாங்கள் ஏழு பேர் செவ்வாயும் வியாழனும் இப்படி உட்காருகிறோம். எல்லாரிலும் இளையவள் நான், 61 வயது. மூத்தவர் ஓர் அப்பத்தா, 78. போனை டிவியோடு இணைத்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு தட்டு வேர்க்கடலை, ஒரு மணி நேரம். முதலில் வானியல் பார்த்தோம். இப்போது நிலத்தடி நீர். இந்த எட்டு மாதத்தில் எனக்குத் தோன்றியதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நம்மிடம் வயதானவர்களுக்கு ஆன்லைன் என்று யாராவது ஒரு வகுப்பு எடுத்தால், அது என்னவாக இருக்கிறது? ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள். தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள். ஜிபே இப்படி, பேத்தியோடு வீடியோ கால் அப்படி. இதெல்லாம் தேவைதான். ஓய்வூதியம் மொத்தத்தையும் ஒரே போன் காலில் பறிகொடுத்தவரை எனக்கே தெரியும். ஆனால் இதோடு நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு மனிதரை ஏமாறாமல் காப்பாற்றுவது ஒரு வேலை, அவருக்குப் படிப்பு கொடுப்பது வேறு வேலை. எழுபது வயதுக்காரருக்குச் சனிக்கோளின் வளையம் எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா? புறநானூற்றை முழுசாக ஒருமுறை படித்துவிட வேண்டும் என்று முப்பது வருடம் ஒத்திப்போட்டவர்கள் நம் தெருவிலேயே இல்லையா?

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். இப்போது இன்னும் கூடியிருக்கும். 60 வயதில் ஓய்வு பெறுகிற ஒருவருக்கு, உடம்பு ஒத்துழைத்தால், பதினைந்து இருபது வருடம் கையில் இருக்கிறது. ஒரு குழந்தை பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கிற காலம் அவ்வளவுதானே?

இதை முதலில் பெரிதாக யோசித்தவர்கள் பிரான்சுக்காரர்கள். 1973இல் துலூஸ் நகரத்தில் பியர் வெல்லாஸ் என்கிற பேராசிரியர், ஓய்வு பெற்றவர்களுக்காகப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்துவிட்டார். அதற்கு ‘மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்’ என்று பெயர். அங்கே பல்கலைக்கழக ஆசிரியர்கள் நடத்துவார்கள், பெரியவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள்.

இங்கிலாந்துக்குப் போனபோது இது வேறு உருவம் எடுத்தது. எனக்குப் பிடித்த உருவம் அதுதான். 1981, 82 வாக்கில் கேம்பிரிட்ஜில் வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட், சமூகவியலாளர் மைக்கேல் யங், கல்வியாளர் எரிக் மிட்வின்டர் மூவரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். லாஸ்லெட்டும் யங்கும் அப்போது 65 வயதை ஒட்டியவர்கள், தங்களுக்காகவும்தான் யோசித்திருப்பார்கள். லாஸ்லெட் மனித வாழ்க்கையை நான்காகப் பிரித்தார். பிறரைச் சார்ந்து வளர்வது முதல் பருவம். சம்பாத்தியமும் குடும்பப் பொறுப்பும் இரண்டாவது. பொறுப்பு குறைந்து, உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிற மூன்றாவதுதான் மனிதன் தனக்காக வாழ்கிற பருவம். தள்ளாமை நான்காவது.

அவர்கள் வைத்த ஏற்பாடு ரொம்ப எளிமை. சேருவதற்குத் தகுதி எதுவும் கேட்பதில்லை, முடித்தால் பட்டமும் கிடையாது. உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் ஆசிரியர். ரயில்வேயில் இருந்தவர் ரயில்வே வரலாறு சொல்லித் தருவார். அவரே அடுத்த மணி நேரம் பக்கத்து அறையில் பிரெஞ்சு கற்றுக்கொள்வார். இன்றைக்குப் பிரிட்டனில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன.

ஆன்லைன் கதை ஆஸ்திரேலியாவில். மெல்போர்னில் 1984இல் முதல் குழு தொடங்கியது. அது பெரிய தேசம், அடுத்த ஊருக்குப் போக அரை நாள் ஆகும். வீட்டைவிட்டு நகர முடியாதவர்கள், பக்கத்தில் குழுவே இல்லாத ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? 1990களின் கடைசியிலேயே கிரிஃபித் பல்கலைக்கழகத்தின் துணையோடு அவர்களுக்கென்று இணையத்தில் பாடங்களை ஆரம்பித்துவிட்டார்கள். எழுதியவர்கள், நடத்தியவர்களில் பலர் ஓய்வு பெற்றவர்களே, அதுவும் தன்னார்வமாக. நம் ஊரில் பலர் பிரௌசிங் சென்டர் என்ற சொல்லையே அப்போதுதான் கேட்கத் தொடங்கியிருந்தோம்.

அமெரிக்காவில் பெர்னார்ட் ஓஷர் அறக்கட்டளையின் பணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் 50 வயது தாண்டியவர்களுக்கான கற்றல் நிலையங்கள் நடக்கின்றன. 2020இல் கொரோனா வந்ததும் அவை ஜூமுக்கு மாறின. அதில் ஒரு நல்லது நடந்தது. ஒரு நிலையம் நடத்துகிற வகுப்பில் இன்னொரு மாநில நிலையத்தின் உறுப்பினர்களும் வந்து சேரலாம் என்று சிலர் திறந்துவிட்டார்கள். ஒரு சின்ன ஊரில் வானியல் தெரிந்தவர் இருக்க மாட்டார். இருக்கிற ஊரிலிருந்து வாங்கிக்கொள்ளலாம், பதிலுக்குத் தங்களிடம் இருப்பதைக் கொடுக்கலாம். நல்ல ஆசிரியர் ஒருவரைப் பத்து ஊர் பகிர்ந்துகொள்வது. என் மனதில் நின்றது இதுதான்.

நம்மிடம் பாடத்துக்குப் பஞ்சம் இல்லை. ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் இருக்கிறது. 2017 ஜூலையில் வந்த மத்திய அரசின் இணையப் படிப்புத் தளமான ஸ்வயம் இருக்கிறது. வீடியோ பார்க்கக் காசு வேண்டாம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். சில பாடங்களுக்குப் பேராசிரியர் பேசியது தமிழிலும் எழுத்தாகக் கிடைக்கிறது. தமிழ் படிக்க வேண்டுமென்றால் 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. அதன் மின்நூலகத்தில் கிடைக்கிற பழைய புத்தகங்களைப் பார்த்தால் ஓர் ஆயுள் போதாது. இதை உருவாக்கியவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன், மனசாரச் சொல்கிறேன்.

ஆனால் இணையத்தில் இருக்கிற படிப்புகளில் பெரும்பாலானவை இருபது வயதுப் பிள்ளையை மனதில் வைத்துச் செய்தவை. வாராவாரம் அசைன்மென்ட், அதற்குக் கடைசித் தேதி, மதிப்பெண், சான்றிதழ், அதைக் கொண்டுபோய்க் காட்ட ஒரு நேர்காணல். அந்தப் பிள்ளைகளுக்கு அது சரி. எங்கள் குழுவில் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன் இருக்கிறார். அவர் முதலில் தனியாகத்தான் ஒரு தளத்தில் சேர்ந்தார். தளத்தின் பெயர் வேண்டாம். வரலாற்றுப் பாடம். மூன்று வாரம் நோட்டுப் போட்டு, தேதி போட்டு, சிவப்பு மையில் தலைப்பெழுதிப் படித்தார். நாலாவது வாரம் கண்புரை அறுவை. திரும்பி வந்து பார்த்தால் இரண்டு அசைன்மென்ட் தேதி கடந்துவிட்டது, ஊடே கடவுச்சொல் வேறு காலாவதி. உதவி எண்ணுக்குப் போன் பண்ணினால் ஒரு பதிவுக் குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. “எனக்கு மார்க் வேண்டாம்மா. நான் படிச்சதை யார்கிட்டயாவது சொல்லணும், அதுக்கு ஆள் இல்ல” என்று என்னிடம் சொன்னார். அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். நாற்பது பக்கம், ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

எங்கள் குழுவே அந்த நோட்டில் இருந்துதான் பிறந்தது.

சொல்வதற்கு ஆள் வேண்டும். பெரியவர்கள் படிப்பதில் முக்கியமான விஷயம் இதுதான் என்று நான் நம்புகிறேன். ஐந்து அங்குலத் திரையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போனபிறகு தனியாக ஒருவர் படிப்பது எவ்வளவு நாளைக்கு ஓடும்? தனிமை ஏற்கெனவே அவரைப் பிடித்திருக்கிறது. படிப்பும் அவரை இன்னொரு மூலையில் தனியாக உட்காரவைத்தால் எப்படி?

புதுக்கோட்டைக்காரியாக எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். 1991இல் எங்கள் மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுக்கும் அறிவொளி இயக்கம் நடந்தபோது நான் தொண்டர். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியர். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல், வயல் வேலை முடித்து, அடுப்பு அணைத்துவிட்டு, பெண்கள் தெருவிளக்கடியில் வந்து உட்காருவார்கள். ஒரு சிலேட்டை இரண்டு பேர் வைத்துக்கொள்வார்கள். ஒருத்திக்கு எழுத்து வராவிட்டால் பக்கத்தில் இருப்பவள் கையைப் பிடித்து எழுதவைப்பாள். சைக்கிள் ஓட்டவும் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள், ஒருத்தி பின்னால் பிடித்துக்கொள்ள ஒருத்தி மிதித்து. இவர்களைத் தனித்தனியாக வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தால் ஒரு வாரம்கூட வந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் குழுவின் அப்பத்தா அந்தத் தெருவிளக்கடியில் எழுத்துக் கூட்டிய ஒருவர். அப்போது அவருக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. இப்போது ஆங்கிலத்தில் ஓடும் வீடியோவை அவருக்காகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, நான் தமிழில் சொல்கிறேன். அவருக்காக என்று ஆரம்பித்தது, இப்போது எல்லாருக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது. எனக்கும்தான். சொல்லிப் பார்த்தால்தானே நமக்கே எங்கே புரியவில்லை என்று தெரிகிறது.

சரி, என்ன செய்யலாம்?

நம்மிடம் நூலகம் இருக்கிறது. 1948இல், சுதந்திர இந்தியாவிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனின் உழைப்பு அதற்குப் பின்னால் இருந்தது. சொத்து வரி கட்டும்போது நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் பொது நூலகத் துறையின் கீழ் இருக்கின்றன. அவற்றில் ஓர் அறை, ஒரு டிவி, நெட், வாரத்துக்கு இரண்டு சாயங்காலம். இவ்வளவுதான் நான் கேட்பது. நூலகரை நடத்தச் சொல்லவில்லை, அவருக்கு ஏற்கெனவே வேலை தலைக்கு மேல். ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், நர்சுகள், மின்வாரியத்துக்காரர்கள் எத்தனை பேர் இருக்கிறோம்? நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நாங்கள் ஓர் இடத்தில் கேட்டும் பார்த்தோம். படிக்க வருகிறவர்களுக்குச் சத்தம் இடைஞ்சல் என்றார்கள். போட்டித் தேர்வுக்கு முனைப்பாகப் படிக்கிற பிள்ளைகள் அங்கே காலையிலிருந்து இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் தனி அறை என்கிறேன். அறை இல்லாத ஊரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. நாலரை மணிக்கு மேல் காலியாகத்தான் கிடக்கிறது, ஸ்மார்ட் திரை மாட்டிய வகுப்பறைகளும் சேர்த்து.

பெரியவர்களுக்கு எங்கே இதில் ஆர்வம், சீரியல் பார்த்தால் போதும் அவர்களுக்கு என்று சொல்கிறவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது. வேறு என்ன கொடுத்துப் பார்த்தீர்கள்? எங்கள் அப்பத்தா ஏழரை மணி சீரியலை விட்டுவிட்டுத்தான் வருகிறார், ஊன்றுகோலோடு இரண்டு தெரு நடந்து.

பாடம் செய்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். தமிழ் எழுத்து திரைக்கு அடியில் ஓடட்டும், காது மந்தமானவர்களுக்கு அது பெரிய துணை. கடைசித் தேதி இல்லாத ஒரு வழியையும் வையுங்கள். சான்றிதழ் வேண்டும் என்கிற பெரியவர்களுக்கு அதையும் கொடுங்கள், எங்கள் தபால் அண்ணனுக்கு உள்ளுக்குள் அந்த ஆசை இருப்பது எனக்குத் தெரியும். அப்புறம், எங்களையும் பேசவிடுங்கள். மடையைப் பற்றி மடை திறந்தவர் சொன்னால் பாடம் கெட்டுப்போகாது.

அறந்தாங்கியில் என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர், அவர் தெருவில் ஐந்து பேரைச் சேர்த்திருக்கிறார். வரும் வியாழக்கிழமை கூகுள் மீட்டில் இரண்டு வீட்டுக் கூடத்தையும் இணைத்துப் பார்க்கப் போகிறோம். முதல் வகுப்பு வீடியோ இல்லை. மடைக்கார அண்ணன்தான் நடத்துகிறார். நேற்று வந்து, பழைய மாதக் காலண்டர் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனார். இன்று காலை கொண்டுவந்து காட்டினார். பின்பக்கம் முழுக்கப் பென்சிலில் கண்மாய், மூன்று மடை, உபரி நீர் வழிகிற கலிங்கு, கரைக்குக் கீழே பதினோரு கிணறு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனையாவது நாள் தண்ணீர் ஊறும் என்று ஓர் எண். கோயில் மேட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில் மட்டும் கேள்விக்குறி போட்டிருந்தார். “அதை அறந்தாங்கிக்காரங்ககிட்டக் கேட்டுப் பார்ப்போம் டீச்சர்” என்றார்.