கீழே இருக்கும் அந்த மூன்று கோடுகள்

ஆறு வருஷம் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் வேலை பார்த்தேன். டாக்டர் வேலையோ நர்ஸ் வேலையோ இல்லை. டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவர்கள் நிரப்பிக் கொடுக்கும் கருத்துப் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். எங்கே போனாலும் இந்தப் படிவம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். வரவேற்பு எப்படி, டாக்டர் எப்படி, சாப்பாடு எப்படி, கழிப்பறை எப்படி என்று வரிசையாகக் கேள்விகள். பக்கத்தில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள். எல்லாம் முடிந்து தாளின் அடியில் ‘தங்கள் மேலான கருத்துகள்’ என்று போட்டு மூன்று கோடுகள்.

எக்செல்லில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டம் இருந்தது. அந்த மூன்று கோடுகளுக்குக் கட்டமே கிடையாது. மாசக் கடைசியில் சராசரி போட்டு அனுப்புவேன். பெரும்பாலும் நாலரைக்கு மேல்தான் வரும். மீட்டிங்கில் எல்லோருக்கும் திருப்தி. தாள்களைக் கட்டுக் கட்டிப் பரணில் போட்டுவிடுவோம்.

முதல் ஒரு வருஷம் நானும் அந்தக் கோடுகளைப் படிக்காமல்தான் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு தாளில் எழுத்து மூன்று கோடுகளையும் தாண்டி, ஓரத்தில் மேலேறி, பின்பக்கத்துக்கும் போயிருந்தது. அதனால்தான் கண்ணில் பட்டது.

எழுதியவர் வயசான ஒரு ஐயா. மனைவிக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். கரண்ட் வைக்கத் தினமும் பஸ் பிடித்து வந்து போயிருக்கிறார்கள். (கதிர்வீச்சு சிகிச்சையைக் கரண்ட் என்றுதான் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் சொல்வார்கள்.) இந்தச் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு: சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். நிரம்பியிருந்தால் குடல் மேலே தள்ளிப்போய்க் கதிர் படுவது குறையும். உள்ளே இருக்கும் உறுப்புகளும் ஏறத்தாழ அன்றாடம் ஒரே இடத்தில் நிற்கும். அதனால் தண்ணீரைக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கச் சொல்வார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம், பலருக்கு இதுதான் கணக்கு.

பத்து மணிக்குக் குடிக்கச் சொன்னார்கள், குடித்தாள் என்று எழுதியிருந்தார். மெஷின் மக்கர் பண்ணியதில் பன்னிரண்டரை வரை கூப்பிடவில்லை. தாங்க முடியாமல் அந்த அம்மா கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தபோது பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பை காலியாக இருக்கிறது, திரும்பக் குடித்துவிட்டு உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே தாமதம். இந்த முறை திட்டுக்குப் பயந்து எழுந்திருக்கவில்லை. பெஞ்சிலேயே சேலை நனைந்துவிட்டது. சுற்றி இருபது பேர். அன்றைக்கு வீட்டுக்குப் போனவள் இனி வரமாட்டேன் என்று இரண்டு நாள் படுத்துவிட்டாள், கெஞ்சிக் கூட்டிவந்தேன் என்று முடித்திருந்தார். அதுக்கும் கீழே, டாக்டர் எங்களுக்குத் தெய்வம் மாதிரி என்று ஒரு வரி.

தாளைத் திருப்பி எண்களைப் பார்த்தேன். எல்லாக் கேள்விக்கும் ஐந்து. காத்திருக்கும் நேரத்துக்கும் ஐந்து.

அந்த ஐயா பொய் சொல்லவில்லை. எண்ணைச் சுழிக்கும்போது நம் ஆட்கள் பதில் சொல்வது ‘இந்த இடத்துக்கு நான் நன்றியோடு இருக்கிறேனா’ என்கிற கேள்விக்கு. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு மூன்று மார்க் போட யாருக்குக் கை வரும்? அதோடு பயமும் உண்டு. படிவத்தின் மேலேயே பெயரும் ஃபைல் நம்பரும் இருக்கிறது. வாங்கி வைப்பவர் பில்லிங் கவுண்டரில் இருப்பவர். மூன்று மாசத்தில் செக்கப்புக்கு இதே கவுண்டருக்குத்தான் வந்தாக வேண்டும். நடந்ததைச் சொல்ல அவருக்குக் கிடைத்த இடம் அந்த மூன்று கோடுகள் மட்டும்தான். அதைத்தான் நாங்கள் படிக்காமல் கட்டிக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டேன். பெயர் எழுதாமல், கீழே இருக்கும் வரிகளை மட்டும் அப்படியே பார்த்து எழுதுவது. எந்த வார்டு, எந்தச் சிகிச்சை, அவ்வளவுதான்.

அப்புறம்தான் வெளியே இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இங்கிலாந்தில் 2010 முதல் புற்றுநோய் நோயாளிகளிடம் நாடு தழுவிய அனுபவ ஆய்வு ஒன்று நடக்கிறது. சமீப ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் அறுபதாயிரம் பேரை ஒட்டிப் பதில் எழுதுகிறார்கள். சிகிச்சை முடிந்து சில மாசம் கழித்துப் படிவம் வீட்டுக்குத் தபாலில் வரும். நிரப்பியதைத் திருப்பி அனுப்புவது ஆய்வை நடத்தும் தனி நிறுவனத்துக்கு. ஊசி போட்ட சிஸ்டரின் கையில் அது போகாது. எதிரில் யாரும் நின்றுகொண்டு பேனாவை நீட்டுவதில்லை. கடைசியில் எழுதுவதற்குத் தனித்தனியாக இடம் விட்டிருக்கிறார்கள்: எது நன்றாக இருந்தது, எதைச் சரிசெய்திருக்கலாம், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா.

அங்கேயும் எண் பிரச்சினை இதேதான். ஒட்டுமொத்தக் கவனிப்புக்கு 2021, 2022, 2023 மூன்று ஆண்டும் பத்துக்கு 8.9 வாக்கில்தான் சராசரி. அதை மட்டும் பார்த்தால் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் 2012, 2013 வாக்கில் லண்டன் நோயாளிகள் எழுதிய பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை உட்கார்ந்து படித்தவர்களுக்கு வேறு படம் கிடைத்தது. பாராட்டு நிறைய இருந்தது. கூடவே வெளிநோயாளிப் பிரிவில் மணிக்கணக்கான காத்திருப்பு, முறையாகச் சொல்லாமல் விட்ட விஷயங்கள் என்று குறைகளும் திரும்பத் திரும்ப வந்தன. லண்டனுக்கும் எங்கள் பெஞ்சுக்கும் தூரம் அவ்வளவு அதிகமில்லை என்று அன்றைக்குப் பட்டது.

இங்கிலாந்தில் நடந்த இன்னொரு ஆய்வும் எனக்கு முக்கியமாகப் பட்டது. 2010, 2011-இல் பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு 2013 ஜனவரியில் உயிரோடு இருந்த 34,467 பேருக்குப் படிவம் போனது. 21,802 பேர் பதில் அனுப்பினார்கள். அதில் கால்வாசிப் பேர், ஐயாயிரத்துக்கும் மேல், கையால் கருத்தும் எழுதியிருந்தார்கள். இவ்வளவையும் ஆள் வைத்துப் படித்து மாளாது. எனவே ஆய்வாளர்கள் முதலில் ஒரு பகுதியைத் தாங்களே படித்து வகை பிரித்து, அதை வைத்து விதிகள் எழுதி, மிச்சத்தைக் கம்ப்யூட்டரிடம் விட்டார்கள். மனுஷர் படித்த பிறகுதான் மெஷின் படித்தது. இந்த வரிசை மாறக்கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஏனென்றால் இப்போது இங்கேயும் ஏ.ஐ. படித்துச் சொல்லிவிடும் என்கிறார்கள். என் நோட்டிலிருந்து ஒன்று சொல்கிறேன். ‘ஒண்ணும் சொல்றதுக்கில்லை’. இந்த வரி பல படிவங்களில் வரும். ஒரு தாளில் அதற்கு அர்த்தம், குறையே இல்லை, அவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள் என்பது. இன்னொரு தாளில், சொல்லி என்ன ஆகப்போகிறது என்பது. அதே மாதிரி ‘பரவாயில்லை’. இருபது வயசுப் பையன் எழுதினால் சுமார் என்று எடுத்துக்கொள்ளலாம். கரூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருத்தர் சொல்லிப் பேத்தி எழுதினால் அது பெரிய பாராட்டு. எந்த வார்டு, யார் கையெழுத்து, அந்த வாரம் அங்கே என்ன நடந்தது என்று தெரிந்தவர் படித்தால்தான் பிடிபடும். மெஷின் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு ‘நடுநிலை’ என்று எழுதிவிடும்.

மத்திய அரசு 2016-இல் தொடங்கிய ‘மேரா அஸ்பதால்’ (என் மருத்துவமனை) திட்டத்தில் நோயாளிகளின் போனுக்குச் செய்தி அனுப்பிக் கருத்து கேட்கிறார்கள். திருப்தி இல்லை என்றால் காரணத்தைத் தேர்வு செய்யச் சொல்வார்கள்: ஊழியர் நடத்தை, சுத்தம், செலவு, சிகிச்சைத் தரம், மற்றவை. கேட்பது நல்ல விஷயம், குறை சொல்லமாட்டேன். ஆனால் பெஞ்சில் நனைந்த அந்தச் சேலையை இதில் எதில் போடுவது? ‘மற்றவை’யில்தான்.

நோட்டு நிரம்ப நிரம்ப எனக்குப் புரிந்த விஷயங்களில் பெரியது ஒன்று உண்டு. மருந்தைப் பற்றி எழுதியவர்கள் ரொம்பக் குறைவு. ‘நல்லாப் பாத்துக்கிட்டாங்க’ என்று எழுதியவர்கள் யாரைச் சொல்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் வார்டு ஆயாம்மா, லிஃப்ட் அண்ணன், கீமோ அறையில் நரம்பு கிடைக்காதபோது அவசரப்படாமல் கையில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்த சிஸ்டர். குறையாக எழுதியவர்கள் அதிகம் எழுதியது, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை என்பதைத்தான். பயாப்சி ரிசல்ட் எங்கே வாங்க வேண்டும், காப்பீட்டுச் சீட்டு எந்த மாடி, ராத்திரி காய்ச்சல் வந்தால் எந்த நம்பருக்கு அடிப்பது. இங்கிலாந்தில் இதற்கென்றே புற்றுநோய்ச் சிறப்பு நர்ஸ் உண்டு; நோயாளிக்கு இன்னார் என்று பெயர் சொல்லி ஒருவரைக் கைகாட்டிவிடுவார்கள். அப்படி ஒருவர் இருப்பவர்கள் மற்றவர்களைவிட நல்ல அனுபவத்தைச் சொல்கிறார்கள் என்பது அந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. எனக்குக் கொஞ்சமும் ஆச்சரியமாக இல்லை. கட்டடமும் மெஷினும் எத்தனை கோடிக்கு வந்தாலும், கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் இல்லையென்றால் நோயாளி தனியாள்தான்.

இன்னொன்றை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. படிவத்தில் மேலே நோயாளி பெயர். கீழே இருப்பது மகன், மருமகன், அண்ணன் கையெழுத்து. பல நோயாளிகளுக்கு என்ன நோய் என்றே வீட்டில் சொல்லியிருக்கமாட்டார்கள். ‘வயித்துல கட்டி, கரைச்சிடுவாங்க’ என்று சொல்லிக் கூட்டிவந்திருப்பார்கள். அப்படி இருக்கும்போது அந்தப் படிவம் யாருடைய அனுபவம்? ஒரே ஒரு தாளில் இரண்டு கையெழுத்து பார்த்தேன். மேலே எல்லாம் பேனாவில், அழகான எழுத்து. அடியில் பென்சிலில், கோணலாக, மூன்றாம் கிளாஸோடு நின்றுபோனவர் எழுத்து: எனக்கு என்னன்னு என்கிட்ட சொல்லுங்க. அந்தத் தாளை நான் பரணுக்கு அனுப்பவில்லை. அந்த வார்டு டாக்டரம்மாவிடம் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுமுறை செக்கப்புக்கு வந்தபோது அந்த அக்காவைத் தனியாக உட்கார வைத்து, அரை மணி நேரம் பேசினார்.

எழுதத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் படிவத்துக்கே வராமல் போய்ச்சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்து ஆய்வும் உயிரோடு இருந்தவர்களைத்தானே கேட்டது. அதனால் இந்த மூன்று கோடுகளை வைத்து எல்லாம் தெரிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கையில் இருப்பதையாவது படியுங்கள் என்கிறேன். படிவத்தை பில்லிங் கவுண்டரில் நீட்டாதீர்கள். ஒரு மாசம் கழித்து, பெயர் கேட்காமல், தபாலிலோ போனிலோ கேளுங்கள். எழுத வராதவர் போனில் சொன்னால் அவர் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள்.

சரி, அந்த ஐயாவின் தாள் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நோட்டில் தேடியபோது தண்ணீர் குடித்துக் காத்திருந்த கதை இன்னும் நான்கு பேர் எழுதியிருந்தார்கள். ஐந்தையும் எடுத்துக்கொண்டு கதிர்வீச்சுப் பிரிவின் பொறுப்பு சிஸ்டரிடம் போனேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த வாரத்திலிருந்து, வந்தவுடன் குடிக்கச் சொல்வதை நிறுத்தினார். அவரவருக்கு எவ்வளவு நேரம் முன்னால் குடிக்க வேண்டும் என்று பார்த்து, டோக்கன் நெருங்கும்போது அவரே வந்து, “அம்மா, இப்போ குடிங்க” என்று சொல்வார். மெஷின் நின்றால் உடனே வெளியே வந்து, “லேட் ஆகும், போய்ட்டு வந்துடுங்க, அப்புறம் குடிச்சுக்கலாம்” என்பார். பைசா செலவில்லை.

மருத்துவமனைகளில் இந்த வேலையில் இருக்கும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். நோட்டை எப்படிப் பிரித்து எழுதினேன் என்று அனுப்புகிறேன். எக்செல்லில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டால் போதும்.