டேலி டேட்டா கடையில் இருக்கட்டுமா, கிளவுடுக்குப் போகட்டுமா?

ஒரே கடை, இரண்டு பில்லிங் கவுண்டர் என்றால் யோசிக்கவே வேண்டாம். கணக்கு எழுதி பில் போடும் டேலி சாஃப்ட்வேர் கடை கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும், பேக்கப் மட்டும் வெளியே போகட்டும். நெட் போனாலும் கவுண்டரில் பில் ஓடும். இ-இன்வாய்ஸ் போடுகிறவர்களுக்கு ஐஆர்என் (பில்லுக்கு அரசு போர்ட்டல் தரும் எண்) வாங்க எப்படியும் நெட் வேண்டும், அது தனிக் கதை.

சிக்கல் வருவது வேறு ஊரில் கிளையோ குடோனோ திறக்கும்போது. "டேட்டா ஃபோல்டரைத் தூக்கி கூகுள் டிரைவில் போடு, இரண்டு பக்கமும் திறந்துக்கலாம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்த வேலையே வேண்டாம். ஒரு வவுச்சரை (பில், ரசீது மாதிரி ஒரு பதிவை) சேவ் செய்தால் டேலி பல ஃபைல்களில் எழுதுகிறது. சிங்க் ஆகும்போது ஒவ்வொரு ஃபைலும் தனித்தனி நேரத்தில் ஏறும். அந்தப் பக்கம் பாதி புதுசும் பாதி பழசுமாகப் போய்ச் சேர, டேலியில் உங்கள் கம்பெனி கணக்கே திறக்காமல் போகலாம். அன்று எழுதி முடித்த பேக்கப் ஃபைலை டிரைவில் ஏற்றலாம். ஓடிக்கொண்டிருக்கும் ஃபோல்டரை ஏற்றக் கூடாது.

அடுத்த குறுக்கு வழி, ரவுட்டரில் 3389 போர்ட்டை (விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசல்) திறந்துவிட்டு ரிமோட்டில் உள்ளே வருவது. அந்த போர்ட்டைத் தேடி ராப்பகலாகப் பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கும் ரோபோ புரோகிராம்கள் இருக்கின்றன. ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) நுழைந்தால், எப்போதும் செருகியே வைத்திருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க்கும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். வைரஸுக்கு அது இன்னொரு டிரைவ், அவ்வளவுதான்.

ஆக, இரண்டு ஊர் என்றால் காசு கொடுத்து முறையான கிளவுடுக்கே போங்கள். 'டேலி ஆன் கிளவுட்' என்று விற்பது பெரும்பாலும் எங்கோ ஒரு டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்த விண்டோஸ் சர்வர். அதே டேலிதான், ரிமோட்டில் பார்க்கிறீர்கள். உங்கள் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அங்கிருந்து பில் ஒழுங்காக வருகிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். மார்ஜின் நகர்வதும், பிரிண்ட் தாமதமாக வருவதும் அங்கேதான். பேக்கப்பை நாமே தினமும் இறக்கிக்கொள்ளலாமா, வாடகையை நிறுத்தினால் டேட்டாவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு கையில் இருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால் இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி பேக்கப்பும் கட்டாயம்.

கிளவுடுக்குப் போய்விட்டால் பேக்கப் வேண்டாம் என்பது சுத்தப் பொய். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் ஃபைல்களைச் சேமித்த ஜி-டிரைவில் 858 டெராபைட் போயே போனது. அதற்கு வெளியே வேறு நகல் கிடையாது.

டேலி பிரைமில் ஆல்ட்+ஒய் அழுத்தி பேக்கப். இரண்டு ஹார்ட்டிஸ்க், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றி. எடுத்ததும் கழற்றி, ஒன்றை வீட்டில் வையுங்கள். மாதம் ஒரு முறை ரீஸ்டோர் செய்தும் பாருங்கள், ஆனால் தனி ஃபோல்டரில். அசல் ஃபோல்டரிலேயே ரீஸ்டோர் கொடுத்தால் இன்றைய பில்கள்மேல் பழைய டேட்டா ஏறி உட்கார்ந்துவிடும். ரீஸ்டோர் ஆனதும், பேக்கப் எடுத்த அன்றைய கேஷ் பேலன்ஸை அசலோடு ஒப்பிட்டால் போதும், இரண்டு நிமிஷ வேலை.