அலுமினிய ஃபாயிலை இறுக்கி வைத்தால் சூடு இறங்காதா?

மாடியில் புதிதாக எடுக்கும் சாய்வு ஷீட் அறைக்கு, ஷீட்டுக்கும் சீலிங் போர்டுக்கும் நடுவே அலுமினிய ஃபாயிலை இறுக்கி வைத்தால் போதும் என்று தென்காசி மாவட்டத்தில் செங்கோட்டை, புளியரைப் பக்கம் ஒரு வாட்ஸப் தகவல் சுற்றுகிறது. தவறு. ஃபாயில் வெப்பக் கதிரைத் தடுக்க, ஒரு பக்கமாவது சுமார் 2 செ.மீ. காற்று இடைவெளி வேண்டும். இரு பக்கமும் ஒட்டினால் சூட்டை அப்படியே கடத்தும். எவர்சில்வர் டம்ளரில் சுடுகாப்பி பிடித்தவர்களுக்குத் தெரியும், பளபளப்பு விரலைக் காப்பாற்றாது.

சரி, கிளாஸ் வூல் என்ற கண்ணாடி இழைப் பஞ்சு? காற்றோட்டமில்லாத கூரையில் எனக்கு அது பிடிக்காது. சாரல் ஈரம் ஏறினால் நனைந்த பஞ்சுதான், பூஞ்சையும் வரும். ஈரம் குடிக்காத எக்ஸ்பிஎஸ் ஃபோம் போர்டை (தெர்மாகோல் வகையைச் சேர்ந்த கெட்டியான பலகை) பதித்து, இணைப்புகளை டேப் ஒட்டி அடைப்பது மேல். அது தீப்பற்றும், அதனால் கீழே ஜிப்சம் போர்டு கட்டாயம். அதற்கு முன்னால் ஷீட்டின் ஸ்க்ரூ ஓட்டைகளில் ஒழுகுகிறதா என்று பாருங்கள்.